பதினேழாவது சுற்று

மாதம் ஒரு மாடி எழுப்பிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தில் கார்மேகத்துக்கு இது பதினேழாவது நேர்காணல். தேறாவிட்டால் மறுபடி முதல் சுற்றிலிருந்து வர வேண்டும். எல்லோரையும்போல அவன் காதிலும் விடைசொல்லும் கருவி இருந்தது. அது முந்திக்கொண்டு அளக்கும் பதில்கள் அவனுக்கே சலித்துவிட்டன. கழற்றிப் பையில் போட்டான்.

"எங்க சர்வர் செவ்வாய்க்கிழமை மட்டும் ஏனுங்க படுத்துக்குது?" என்றாள் நேர்காணல் நடத்திய சுகந்தி.

கார்மேகம் இரண்டு நிமிடம் நெற்றியைத் தேய்த்தபடி கூரையைப் பார்த்தான்.

"ஏனுங்க, காதுல சார்ஜ் தீந்துபோச்சா?"

"இல்லீங்க, யோசிக்கிறேன்."

வளவளப் பதில் எதுவும் குறுக்கிடாததால், வெகுநாளைக்குப் பிறகு அவள் டீயைச் சூடாகவே குடித்து முடித்தாள்.

"தெரியலீங்க. வந்து பார்த்தாத்தான் தெரியும்."

சுகந்தி கதவைத் திறந்து கத்தினாள்: "எல்லாரும் ஓடி வாங்க! இவருக்குத் தெரியலையாமா! ஆளை விட்றாதீங்க, வேலை ஆர்டரை அடிங்க!"