பழகின வயர்

அசல் சங்கீதத்தின் விலை மீட்டருக்கு இருபதாயிரம். விலை வைத்தவர் ஆடியோ கடைக்காரர். இரண்டு மீட்டர் வாங்கி மாட்டிக்கொண்டவர் கணக்கு வாத்தியார்.

வெல்வெட் பெட்டிக்குள் படுத்திருந்தது சாதாரண ஸ்பீக்கர் வயர்தான் என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். "புது வயர் முரண்டு பிடிக்கும் சார். இருநூறு மணி நேரம் விடாம பாட்டு ஓடவிட்டுப் பழக்குங்க, அப்புறம் பாருங்க!" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

திருப்பித் தர ஏழு நாள் கெடு. ஏழு நாளுக்கு நூற்று அறுபத்தெட்டு மணிதான் என்பது கணக்கு வாத்தியாருக்கே எட்டாம் நாள்தான் உறைத்தது. கடைக்கு ஓடினார். "கெடு முடிஞ்சு போச்சே சார்" என்று கடைக்காரர் உச்சுக் கொட்டினார்.

பத்தாம் நாள் வாத்தியாரிடமிருந்து போன். "முதலாளி, வயர் பழகிடுச்சு! கையோட கிளம்பி வாங்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார் கடைக்காரர். படுக்கையறை வாசலில் கனமான திரை. அதற்கு இரு பக்கமும் ஸ்பீக்கர்கள் காவல் நின்றன.

"வீட்டம்மா எங்க?"

"உள்ளேதான். வயர் வாங்கினதுலேருந்து என்கிட்ட வாயே திறக்கிறதில்ல. நீங்க கண்ணை மூடிட்டுக் கேளுங்க."

தம்பூரா ஒலித்தது. ஒரு பெண்குரல் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது.

கடைக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. மூச்சு இழுப்பது கேட்கிறது, வளையல் உரசுவது கேட்கிறது! முப்பது வருஷமாக விட்ட புளுகு கடைசியில் நிஜமாகிவிட்டதே!

"வாத்தியாரே, அதையே இன்னொரு தடவை போடுங்க!"

இரண்டாம் முறை, அதே வரியில், முதலில் கேட்காத ஒரு குழைவு. கடைக்காரர் சோபாவிலிருந்து துள்ளினார். "கேட்டீங்களா? ஓட ஓட இன்னும் பழகுது!"

பழகின வயர்தான் வேண்டும், காத்திருக்கப் பொறுமை இல்லை என்று ஒரு பல் டாக்டர் ஒன்றரை லட்சத்தோடு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரரின் மூளை விறுவிறுவென்று ஓடியது.

"பாவம், நஷ்டப்பட்டுட்டீங்க. உங்க நாற்பதைத் தந்துடறேன், வயரைக் கழட்டுங்க."

"அய்யோ, பெத்த பிள்ளையைக் கேக்கிற மாதிரி கேக்கறீங்களே!"

"ஐம்பத்தஞ்சு."

"ராத்திரி பகல்னு பாராம கண்ணுல வெச்சு வளர்த்தது, முதலாளி."

"சரி, எழுபது! என் வயித்துல அடிக்காதீங்க."

"எண்பதுன்னா அவ கோபமும் தணியும்."

வாத்தியாரின் போனில் எண்பதாயிரம் வந்து விழுந்தது. அவர் மனசு மாறுவதற்குள் கடைக்காரர் வயரைச் சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

வாத்தியார் கதவைத் தாழிட்டார். திரையை விலக்கிக்கொண்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"போயாச்சா? நீங்க தொலைச்ச நாற்பது உங்களுக்கு. மிச்ச நாற்பது பாடினவளுக்கு!"