வேண்டாம் என்ற பொத்தான்

மத்தியான வெயில் சாப்பாட்டு மேஜையில் பாதியை மட்டும் பிடித்திருக்கிறது. மறுபாதி நிழலில், அவனுடைய இறந்துபோன மனைவியின் லேப்டாப். பக்கவாட்டில் செருகிய பென்டிரைவின் விளக்கு மினுக்கி அணைகிறது. அதிலிருந்து புது இயங்குதளம் ஏறினால் பழையது முழுக்க அழியும். லேப்டாப் மச்சினியின் கல்லூரிப் படிப்புக்குப் போகும். ஆனால் புதியது ஏறமாட்டேன் என்கிறது. விசிறி இரைகிறது, திரை வெளுக்கிறது, லேப்டாப் திறக்கும்போதெல்லாம் கேட்கும்படி மனைவி விளையாட்டாகப் பதிந்துவைத்த குரல் மறுபடியும் ஒலிக்கிறது: "வந்துட்டியாடா?" அந்தக் குரலை அவன் தனியாகவும் எடுத்து வைத்திருக்கிறான். ஆனால் அது தட்டினால்தான் பேசும். இது, ஆள் வந்தது தெரிந்ததுபோல் தானாகப் பேசுகிறது.

"அக்கா மாதிரியே பிடிவாதம் பிடிக்குது அத்தான்," என்கிறாள் மச்சினி. சிரிக்கப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போடுகிறாள். "இன்னொரு தடவை பண்ணுங்க, நான் பாக்கறேன்." அமைப்புகளை மாற்றும் நீலத் திரை வருகிறது. எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசையில் கடைசியாகக் கிடக்கும் பென்டிரைவை அவன் முதலிடத்துக்கு ஏற்றுகிறான். விரல் தடுமாறவில்லை. மாற்றத்தைச் சேமிக்கவா என்று திரை கேட்கிறது. வேண்டாம் என்ற பொத்தானை அழுத்துகிறான். "அத்தான், நீங்க சேவ் பண்ணாமலே..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொள்கிறாள். அவன் காதைத் திரைப் பக்கம் சாய்த்திருக்கிறான். அவள் பென்டிரைவை மெல்ல உருவி உள்ளங்கைக்குள் மூடுகிறாள். "காலேஜுக்கு நான் வேற யார்கிட்டயாவது கேட்டுக்கறேன், விடுங்க." விசிறி இரையத் தொடங்குகிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.