டைனோசர் தொடர் பற்றி பூங்கோதையின் கருத்து

தொடர்களைப் பற்றிக் கருத்து எழுதும் வேலையை இப்போது டிவியே பார்த்துக்கொள்கிறது. பார்ப்பவர் முகத்தையும் பேச்சையும் கவனித்து, தொடர் முடிந்ததும் அவர் பெயரிலேயே ஊருக்குச் சொல்லிவிடும்.

ஈரோட்டுப் பூங்கோதைக்கு அது தெரியும். அதனால்தான் டைனோசர் தொடர் தொடங்கியதும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள். அதன் கதாநாயகன் முகிலன், வீட்டை எதிர்த்து மகள் கட்டிக்கொண்டவன். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பூங்கோதைக்கு அவன் ‘அந்தக் கூத்தாடி’தான்.

தொடர் முடிந்த கையோடு மகள் பவித்ரா போனில் அழைத்தாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“அதெல்லாம் ஒரு கதையா? அந்தப் பல்லி அவனை முழுங்கியிருந்தாலாச்சும் பரவால்ல. நான் பாதியிலயே எந்திரிச்சிட்டேன் அம்மிணி.”

“எந்திரிச்சது நெசந்தான். டிவி போட்டிருக்குது, படிக்கிறேன் கேளு: ‘குகைக் காட்சியில் பூங்கோதை எழுந்து நின்றார். மடியிலிருந்த அவரைக்காய் கொட்டியதையும் கவனிக்கவில்லை. ஓடுங்க மாப்பிள்ளை, பின்னாடி வருதுங்க என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.’”

பூங்கோதை டிவியை முறைத்தாள். போனில் இன்னொரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“அத்தை... தப்பிச்சுட்டேனுங்க.”