வெள்ளை ஆடி ஜெயிக்கவும்

"வெள்ளை ரெண்டே நகர்த்தல்ல ஜெயிக்கணும்னு புதிர் போட்டீங்க. வழியே இல்லைன்னு வாசகர்கள் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. ரெண்டு வாரமா இதே கூத்து! உங்க செஸ் பகுதியை நிறுத்திட வேண்டியதுதான்" என்று எரிந்து விழுந்தார் பத்திரிகை ஆசிரியர்.

புதிர்க்காரருக்கு அழுகையே வந்தது. "நாலு தடவை ஆடிப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன் சார். படம்கூட இல்லை, கம்ப்யூட்டர்ல எழுத்தாவே இருக்கிற ராஜா, ராணி உருவங்களைத்தான் டைப் பண்ணினேன். அச்சான இதழைத்தான் எனக்கு அனுப்பறதே இல்லையே! இந்தம்மா எதையோ மாத்தியிருக்காங்க."

பக்கம் வடிவமைக்கும் பெண் சீறினாள். "ஒரு எழுத்தைக்கூடத் தொடலை. நீங்களே பாருங்க."

கணினியில் பக்கத்தைத் திறந்தாள். புதிர்க்காரர் அலறினார். "ஐயோ, என் வெள்ளை ராஜா எப்படிக் கறுப்பானார்? கறுப்புக் காயெல்லாம் வெள்ளையா நிக்குதே!"

"வெள்ளைக் காய்ன்னா வெறும் கோடுதான், உள்ளே காலி. பக்கமே கறுப்பா இருந்தா காயும் கறுப்பாத்தான் தெரியும். கறுப்புப் பக்கத்துல எழுத்தெல்லாம் வெள்ளையில வர்றதால, உள்ளே நிரம்பின கறுப்புக் காய் வெள்ளையாயிடும்."

"பக்கத்துக்கு எந்த மகராசன் கறுப்பு அடிச்சான்?"

அவள் ஆசிரியரைப் பார்த்தாள். "எடுப்பா இருக்கும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு புதிர்க்காரர் பக்கம் திரும்பினார்.

"எடுப்பாத்தானே இருக்கு? இனிமே வெள்ளைக் காயையெல்லாம் கறுப்பா டைப் பண்ணி அனுப்புங்க. இதைக்கூட நான்தான் சொல்லணுமா?"