ஆள் இருக்கும் அறை

ஒரு மாதம் ஆள் புழங்காத அறையை, தெருவில் தூங்கும் குழந்தைக்கு வீடே கதவைத் திறந்து ஒதுக்கிவிடும் என்பது சட்டம். அந்தச் சட்டம் வரவேண்டுமென்று ஊர் ஊராய்ப் போய்ப் பேசியவள் ஆக்னஸ். அவள் இறந்த பிறகு, கணவன் ரெஜின் அவள் அறையில் மாதக்கணக்காகத் தினமும் மின்விசிறியைப் போட்டு, அவளுடைய மேடைப் பேச்சுகளை ஓடவிட்டான். உள்ளே ஆள் இருப்பதாக வீடு நம்பியது. அவன் சமையலறையில் நின்றபடி, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, தொண்டு செய்யும் ஓர் அம்மாள் இன்னும் இடம் கிடைக்காத சிறுமி ஒருத்தியோடு வந்து கதவைத் தட்டினார்.

"ரூம் ஏதாவது சும்மா கெடக்கா தம்பி?"

"இல்லைங்க. ஆள் இருக்கு."

சிறுமி காதைத் தீட்டிக்கொண்டாள். "ஐ, ஆக்னஸ் அக்கா! பஸ் ஸ்டாண்டுல எங்களுக்குப் பரோட்டா வாங்கித் தருவாங்களே! அக்கா, நான் பேச்சி வந்திருக்கேன்!"

உள்ளே மேடைப் பேச்சு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே, கூப்பிட்டாலும் பேச மாட்டேங்காங்க? எம்மேல கோவமா?"

"கோவமில்லம்மா," என்றான் ரெஜின். "அவ செத்துட்டா."

அதுவரை அவன் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. வீட்டுக்கும் கேட்டது. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்த அந்த அறையின் கதவு தானாகத் திறந்தது.