தேர்வு மந்திரம்

"என்ன அண்ணி, வந்தவளை விட்டுட்டு மகனோட சீட்டாட்டமா?" கூடத்திலிருந்து நாத்தனார் கேலியாகக் கேட்டாள்.

"மாயச்சீட்டு. அவன் சின்ன வயசுல நான் சொல்லித் தந்தது. இப்ப தேர்வு மந்திரம் போட்டிருக்கேன். கவுத்துவெச்ச மூணு சீட்டுல ஒண்ணை எடுத்து, அதுல உள்ளபடி அவன் செஞ்சே ஆகணும்."

"அவன் எப்படியாவது தப்பிச்சிடுவான்."

"முடியாது. மூணுலயும் 'கதவைத் திற'ன்னுதான் இருக்கு."

சிரித்தபடி எழுந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூடிய அறைக்கு வெளியே, தரையில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"வேலை போன அன்னிக்கு உள்ள தாழ் போட்டவன். வருஷம் ஒண்ணாச்சு, யார் முகத்துலயும் முழிக்கல," என்றாள் தாழ்ந்த குரலில்.

கதவுக்கு அடியில் அவள் தள்ளியிருந்த மூன்று சீட்டும் மெல்லத் திரும்பி வந்தன.

"நான் தோத்துட்டேம்மா. நீ போய்ச் சாப்பிடு," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.