பொங்க விடாத அடுப்பு

பால் நுரைத்துப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டதும் அடுப்பு தானாக அணைந்தது.

"குழந்தை இருக்கும் வீடு. பொங்க விட முடியாது," என்றது.

"ஒரே ஒரு தடவை விடேன்," என்றாள் தாரிணி. "பால் பொங்காம எப்படிக் குடி வர்றது?"

"பெற்றோர் இருவரும் சம்மதிக்க வேண்டும். அப்பாவிடம் கேட்கட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்திவிட்டாள். கேட்டால் கூடவே இந்த வீட்டின் விலாசமும் போகும். விவாகரத்துக்குப் பிறகு அவன் கண்ணில் படாமல் இருக்க, மகளோடு அவள் மாறி வந்த மூன்றாவது ஊர் இந்த ஓசூர்.

மறுபடி பற்றவைத்தாள். மறுபடி அணைந்தது. கையால் பற்றவைக்கும் பழைய ஸ்டவ் ஒன்று எங்கோ இருந்தது. அதைத் தேடிக் கூடத்துக்குப் போய் முதல் பெட்டியைப் பிரித்தாள்.

சமையலறையில் ஐந்து வயது மகிழினியின் குரல் கேட்டது. "அப்பாகிட்டயே கேளு அடுப்பு."

தாரிணி ஓடி வருவதற்குள் சம்மதம் வந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தது. "பொங்கிருச்சு, பொங்கிருச்சு!" என்று மகிழினி கைதட்டிக் குதித்தாள்.

அடுப்பிலிருந்து அவன் குரல் வந்தது, சாவகாசமாக. "எந்தப் பக்கம்டா பொங்குச்சு, தங்கம்?"

"வாசப் பக்கம்ப்பா!"

வழிந்த பாலைத் துடைக்காமல் தாரிணி போய் வாசல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு, பிரித்த ஒரே பெட்டியை மறுபடி கட்டத் தொடங்கினாள்.